கொசுறு ஸ்டூல்

"மேட்ச் கேன்சல் ஆயிடுச்சும்மா" என்றான் அலமாரி.

கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டு நின்ற அம்மா, மகனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்?"

"மழை."

அம்மா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"உள்ளரங்கத்துலதானே ஆடறீங்க?"

"கூரை ஒழுகுதாம்."

"மழை வராமலே ஒழுகுற கூரையா? அதைக் கழட்டி விக்கறாங்களான்னு கேட்டுட்டு வா. தண்ணிக் கஷ்டம் இருக்கிற இடத்துல நல்ல விலைக்குப் போகும்."

அம்மா நடத்துவது பழைய மரச்சாமான் கடை. ஒட்டுப்பலகையைத் தேக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை, விரல் முட்டியால் ஒரே தட்டு தட்டித் திருப்பி அனுப்பிய கை அவளுடையது. மகனின் பொய்யைத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலேஜில் முதல் மேட்ச், பிள்ளை கூச்சப்படுகிறான், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி, நனைஞ்சுடாதே" என்று குடையை அவனிடமே நீட்டினாள்.

கொளுத்தும் வெயிலில், தோளில் விளையாட்டுப் பை, கையில் பூப்போட்ட குடையோடு அவன் தெருவில் நடந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்து ஊரே மலர்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் அப்படித்தான் நினைப்பான். பழக்கம்.

அலமாரி என்பது பள்ளிக்கூடத்தில் விழுந்த பேர். உயரம், அகலம், நகர்த்துவதற்கு ஆள் தேவைப்படுவது என்று மூன்று வகையிலும் பொருத்தம். பள்ளியின் பேஸ்கட்பால் அணிக்கு அவன்தான் நட்சத்திரம். ஓடுவதில் அவன் சுமார். பந்து போடுவதில் சுமாருக்கும் கீழே. அவனுடைய சொத்து வேறு: முறைப்பு. எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போட, யாரும் தடுக்காத இடத்தில் தனியாக வந்து நிற்பான். வளையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அலமாரி அவனை ஒரு முறை முறைப்பான். பந்து வளையத்தைத் தொடாமல் எங்கோ தூரத்து உறவுக்காரர் வீட்டுக்குப் போவது போலப் போகும். இறுதிப் போட்டியில் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டான். 'பார்வையாலேயே பந்தைத் திருப்பும் பையன்' என்று உள்ளூர்ப் பத்திரிகை படத்தோடு போட்டது. அந்தப் பக்கத்தை நிலைக்கண்ணாடிக்கு அருகில் ஒட்டி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து அவன் முறைப்பைச் சாணை பிடித்து வந்தான்.

அந்தப் புகழில் ஒரே ஒரு கறை: அம்மா.

ஒரு மேட்ச் விடாமல் வந்துவிடுவாள். வந்து சும்மா உட்கார்ந்தால் என்ன? எதிரணி பந்து போடும் வளையத்துக்கு நேர் பின்னால் போய் உட்காருவாள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் இவளும் குடையோடு எழுந்து மறுபக்கம் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து ஓயாத பேச்சு. பழைய சாமான் வாங்கப் போகிற இடத்தில் வீட்டுக்காரரோடு பேசுகிற அதே இழுவை, அதே இரக்கம். "நல்ல பையன்தான்... வளர்த்திதான் கொஞ்சம் ஒரு பக்கமா இழுத்திருக்கு. ஏன் தம்பி, கை எப்பவும் இப்படி நடுங்குமா, இல்ல இன்னிக்கு மட்டும்தானா?" ஒரு தடவை நடுவர் வந்து கண்டித்தபோது, "நான் என்ன திட்டினேனா? பெத்த வயிறு, கேட்டேன்" என்றாள். "உங்க விசில் மட்டும் ஏன் இப்படி இருமுது?" என்று அவரையும் கேட்டாள். அவர் அன்று முழுக்க விசிலை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் பொறுத்துக்கொண்டான். காலேஜ் நட்சத்திரத்துக்கு இது ஆகுமா?

காலேஜ் அவனைத் தேடி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த இறுதிப் போட்டியைக் கேலரியில், அம்மாவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் காலேஜ் கோச். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆகாத மனிதர், சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தூரத்துக்கு பஸ்ல போனா ஒத்துக்குமா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒத்துக்கும்" என்றாள் அம்மா.

"அடிக்கடி தொண்டை கட்டுமா?"

"இதுவரைக்கும் இல்ல."

"கூட்டம், இரைச்சல்னா தலைவலி?"

"சந்தையிலயே வளர்ந்த உடம்பு சார்."

அலமாரி பக்கத்தில் நின்று மார்பை விரித்துக் காட்டினான். கோச் அவனை, வாங்குகிற மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பது போல ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அம்மா தன் பக்கத்தைச் சொன்னாள். சீட்டு, படிப்புச் செலவு, பஸ் பாஸ், எல்லா மேட்சுக்கும் தனக்கு முன் வரிசையில் ஒரு இடம். கோச் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்று அம்மாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க அம்மாவுக்கு வியாபாரம் ஓடவில்லை.

"பேரமே பேசலையேடா அந்த ஆளு. எனக்குச் சரியாப் படல."

"என் மதிப்பு அப்படிம்மா."

"கால் உடைஞ்ச டிரஸ்ஸிங் டேபிள் ஒண்ணு கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒருத்தன் வாயே திறக்காம கேட்டதைக் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போனான். மறுநாள் பார்த்தா தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்துல மேஜை மட்டும் நிக்குது. அவனுக்கு வேண்டியது அதோட கண்ணாடி. மேஜை சும்மா கூடப் போயிருக்கு."

"இங்க அந்தக் கண்ணாடி நான்தாம்மா" என்றான் அலமாரி, பத்திரிகைப் படத்தைப் பார்த்தபடி.

கடையின் பின்பக்கம் முக்காலி ஸ்டூல்கள் மலையாகக் குவிந்திருக்கும். கட்டிலோ பீரோவோ வாங்குகிறவர்களுக்கு அம்மா ஒரு ஸ்டூலைச் சும்மா கொடுப்பாள். கேட்கவே வேண்டாம், வண்டியில் ஏற்றிவிடுவாள். "எதுக்கும்மா வெட்டியா?" என்று கேட்டால், "கொசுறு இல்லாம ஒருத்தன் வாங்கிட்டுப் போனா, பாதி வழியில மனசு மாறித் திரும்பிடுவான்டா" என்பாள். நம் அலமாரிக்கு அந்த ஸ்டூல்களைக் கண்டாலே இளக்காரம். யாரும் விரும்பிக் கேட்காத ஜென்மங்கள் என்று சொல்லுவான்.

சரி, முதல் மேட்சுக்கு வருவோம். குடையோடு போனான் அல்லவா?

எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போட நின்றான். அலமாரி முறைத்தான். அவன் பந்தைப் போட்டான். வளையத்தில் விழுந்தது. அடுத்த தடவை இன்னும் பலமாக முறைத்தான். அதுவும் விழுந்தது. மூன்றாவது தடவை, மூச்சைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க முறைத்தபோது நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"வயித்துவலியா தம்பி? அவசரம்னா போய்ட்டு வா, வெட்கப்படாதே."

கோச் அவனை வெளியே அழைத்துக்கொண்டார். பெஞ்சில் இடம் இல்லை. "அலமாரிக்கு பெஞ்சு பத்தாது, கீழ வை" என்றான் கேப்டன். அரங்கம் முழுவதும் கேட்கும்படி சொன்னான். அலமாரி தரையில் உட்கார்ந்தான். காலேஜ் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் கோச் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முன் வரிசையில், வளையத்துக்குப் பின்னால், நீல உறை போட்ட மெத்தைத் திண்டு வைத்து ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைக் காட்டி, "அம்மா ஏன் வரல?"

"தொண்டை சரியில்ல சார்" என்றான் வாய்க்கு வந்தபடி.

கோச்சின் முகம் வெளுத்துவிட்டது. "தொண்டையா?" என்று தன் தொண்டையையே பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு பெரிய பாட்டில் தேன் கொடுத்தனுப்பினார். "வெந்நீர்ல கலந்து குடிக்கச் சொல்லு. அதிகம் பேச வேண்டாம்னு சொல்லு. சனிக்கிழமை வரைக்கும் பேசவே வேண்டாம்."

என்னை எவ்வளவு மதிக்கிறார், என் தாயார் தொண்டைக்குக்கூட இவ்வளவு கவலைப்படுகிறார் என்று அலமாரி நெகிழ்ந்து போனான். தேனை வழியிலேயே நக்கித் தீர்த்தான். மறுநாள் கடையிலிருந்து ஒரு முக்காலியையும் எடுத்துக்கொண்டான், இனி தரையில் உட்கார முடியாது என்று.

"எதுக்குடா அது?" என்றாள் அம்மா.

"உயரமானவங்களுக்குத் தனி இருக்கைம்மா. கோச் ஏற்பாடு."

"இருக்கையைக்கூட நம்ம வீட்டுலேருந்தா எடுத்துட்டுப் போகணும்? சரி, கொசுறுதானே, கொண்டு போ. அடுத்த மேட்ச் எப்ப? நான் வரணுமே."

இங்கேதான் அடுத்த பொய் தேவைப்பட்டது. "காலேஜ்ல பெத்தவங்களை உள்ளே விடறதில்லம்மா. புது ரூல்."

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "எனக்கு முன் வரிசை சீட்டு தர்றேன்னு கை குடுத்துச் சொன்னாரே உங்க கோச்?"

"ரூல் போட்டதே அவர்தான்."

அம்மா நாற்காலி ஒன்றின் காலை ஆணி வைத்து அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு அடியில் முடிகிற வேலைக்குப் பத்து அடி அடித்தாள்.

இரண்டாவது மேட்சும் தோல்வி. கோச் ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தனுப்பினார். மூன்றாவதும் தோல்வி. மருந்து டப்பா, நீராவி பிடிக்கிற கருவி. காலி நாற்காலியின் திண்டைக் கோச் ஒவ்வொரு மேட்சிலும் தானே தட்டிச் சரிசெய்வதை எல்லாரும் பார்த்தார்கள். முக்காலியில் குந்தியிருந்த அலமாரியின் காதருகே குனிந்து கேப்டன் கேட்டான்:

"உங்கம்மா தனியாத்தானே இருக்காங்க?"

"ஏன்?"

"கோச்சும் தனியாத்தான் இருக்கார். தேன், சால்வை, மெத்தைத் திண்டு... சும்மா சொன்னேன்பா. முறைக்காதே, வயித்துவலின்னு நினைச்சுக்கப் போறாங்க."

அலமாரிக்குத் தலை சுற்றியது. எல்லாம் பொருந்தி வந்தது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது, எழுந்து நின்று கை குலுக்கியது, இஸ்திரிச் சட்டை! நேராகக் கோச் அறைக்குப் போனான். இதை முளையிலேயே கிள்ள வேண்டும்.

"சார், ஒரு சந்தோஷச் செய்தி. எங்கப்பா வெளியூர்லேருந்து வர்றார்." அப்பா அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். கடைக் கல்லாவுக்கு மேல் படத்தில் இருக்கிறார். "எங்கம்மா மேல உயிரையே வெச்சிருக்கார். கோபக்காரர் வேற."

கோச் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். முகம் சுருங்கும் என்று பார்த்தால், விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"அவருக்கும் இதே வியாபாரம்தானே?"

"ஆ... ஆமா சார்."

"அவரும் அம்மா மாதிரியே பேசுவாரா?"

"அதை விட மோசமா, சார்!" என்றான், பயமுறுத்துவதாக நினைத்து.

"ஐயோ, கூட்டிட்டு வாப்பா! ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா!" கோச் அவன் இரண்டு தோள்களையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு குரலைத் தணித்தார். "இதோ பார், சனிக்கிழமை கடைசி மேட்ச். அன்னிக்கு உங்க வீட்டுலேருந்து யாரும் வரலைன்னா, வர்ற வருஷம் உன் சீட்டை வேற யாருக்காவது குடுக்க வேண்டியிருக்கும். நீ கடையைப் பார்த்துக்கலாம்."

எப்பேர்ப்பட்ட மனிதன் என்று அலமாரி திகைத்தான். புருஷன் வந்தாலும் விடமாட்டேன் என்கிறானே! இந்தப் பக்கம் அம்மாவின் மானம், அந்தப் பக்கம் தன் எதிர்காலம். காலேஜ் நட்சத்திரம், வாழ்நாள் முழுவதும் பீரோவுக்குப் பாலிஷ் போடுவதா? நிலைக்கண்ணாடி முன் நின்றான். முறைப்புகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

அம்மாவைத்தான் காப்பாற்றுவது என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையிலேயே செய்த ஒரே தியாகம் அது. அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு பழைய பீரோவை விலை கேட்கப் போன இடத்தில், எதிர்ச் சுவரில் காலேஜ் ஒட்டிய போஸ்டர் இருந்தது: 'பெற்றோர்கள் திரளாக வருக.'

அம்மா பீரோவை மறந்தாள். எல்லாப் பெற்றவர்களும் திரளலாம், அவள் மட்டும் திரளக் கூடாதா? கை குடுத்துப் பேசிய பேச்சை மாற்றுகிறவனை அவள் பரம்பரையில் யாரும் சும்மா விட்டதில்லை.

சாயங்காலம் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். திண்டு போட்ட நாற்காலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக எதிர்ப்பக்கம் போனாள். மகனின் காலேஜ் பந்து போடுகிற வளையத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கேப்டன் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்றான்.

"அடடா, பார்க்க லட்சணமான பையன்" என்று ஆரம்பித்தாள் அம்மா. "தோள்தான் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கியிருக்கு. ஏன் தம்பி, பிறந்ததுலேருந்தேவா?"

கேப்டன் தோளைப் பார்த்தான். பந்து கேலரிக்குப் போனது.

"பரவாயில்லப்பா. சுவத்து ஓரமா நிறுத்தினா தெரியாது."

அடுத்த பந்து நடுவர் மேல் விழுந்தது. அடுத்து வந்தவனிடம், "மேல பளபளப்பு நல்லாத்தான் இருக்கு, உள்ளே செல்லு அரிச்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம்" என்றாள். அவன் அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்கத் தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி ஆட்டத்துக்குள் காலேஜ் அணி கலகலத்துப் போனது.

முக்காலியில் அலமாரி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் பார்த்தால், கோச் அம்மாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். இவனும் எழுந்து பின்னாலேயே ஓடினான்.

"அம்மா! தொண்டை சரியாயிடுச்சா?" என்றார் கோச்.

"என் தொண்டைக்கு என்ன கேடு?"

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் எப்படிய்யா வருவார்? எத்தனையோ வருஷமா ஆணியில தொங்கிட்டிருக்கார்!"

கோச்சும் அம்மாவும் சேர்ந்தாற்போல் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அம்மாவுக்கும் கோச்சுக்கும் நடுவில் வந்து நின்றான். அந்த இடத்தை அடைக்க அவன் ஒருவன் போதும்.

"ஆமா சார், எல்லாம் பொய்தான்! என் சீட்டு போனாப் போகுது. எங்கம்மாவை விட்டுடுங்க சார். அவங்களுக்குக் கல்யாண ஆசையெல்லாம் கிடையாது!"

கேலரியில் முன் இரண்டு வரிசையும் எட்டிப் பார்த்தது. அம்மா மகனை ஒதுக்கிவிட்டு, கோச்சை உச்சி முதல் பாதம் வரை ஒரு வியாபாரப் பார்வை பார்த்தாள்.

"இதையா? எனக்கா? டேய், பாலிஷ் போயி, மூட்டு கழண்டு, முதுகு சாஞ்ச சாமான்டா இது. ஏலத்துலகூட எடுக்க மாட்டேன். அதுவும் பெத்தவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு ரூல் போட்ட ஆளை!"

கோச் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, உங்களைத் தடுத்தது நான் இல்ல, இவன். உங்க சீட்டு முதல் நாள்லேருந்தே காலியா கிடக்குது. இனிமே நீங்க எழுந்திரிக்கக்கூட வேண்டாம். பக்கம் மாறுது, இப்ப அவங்கதான் இங்க போட வருவாங்க."

அம்மா குடையைத் தட்டினாள். வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்பது அலமாரிக்குப் புரிந்தது.

"முதல்ல என் பையனை ஆட விடணும். மிச்ச ஆட்டம் முழுக்க."

எதற்குமே பேரம் பேசாத கோச், இதற்குப் பேசினார். "கடைசி ரெண்டு நிமிஷம்."

"பத்து."

"மூணு. அதுக்கு மேல கட்டுப்படி ஆகாதும்மா."

"அஞ்சு. சம்மதமில்லைன்னா நான் மறுபக்கம் போய் உட்கார்ந்துக்கறேன்."

"அஞ்சு!" என்று அலறினார் கோச். தானே ஓடிப்போய் அந்த நீலத் திண்டை எடுத்து வந்து அம்மாவுக்குப் போட்டார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? எதிரணியில் ஒருவன் முழங்கால் கோணலாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தான். ஒருவன் மூக்கைத் தொட்டுக்கொண்டே ஓடினான். ஒருவன் பந்தை அப்படியே வைத்துவிட்டு, "நிஜமாவா சொல்றீங்க?" என்று அம்மாவிடம் போய்க் கேட்டான். கடைசி ஐந்து நிமிடம் அலமாரி இறங்கினான். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் ஃப்ரீ த்ரோ போட நின்றபோது, வளையத்துக்குப் பக்கத்தில் நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் கண்ணில் திரட்டி முறைத்தான். பின்னாலிருந்து அம்மாவின் குரல் ஏதோ இரக்கத்தோடு விசாரித்தது. பந்து பக்கத்து வாசல் வழியாக வெளியே போனது.

காலேஜ் ஜெயித்தது. அரங்கம் அதிர்ந்தது.

அலமாரிக்குக் கண்ணில் நீர் வந்தது. திரும்ப வந்துவிட்டது, முறைப்பு திரும்ப வந்துவிட்டது! இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. முக்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனான்.

"பார்த்தியாம்மா? என் கண்ணைப் பார்த்தியா?"

"பார்த்தேன்டா ராஜா. கொஞ்சம் சிவந்திருக்கு. வீட்டுக்குப் போய்க் கழுவிக்கோ."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரணியின் கோச் வந்தார். தோற்ற மனிதர் மாதிரி இல்லை, நல்ல சரக்கைக் கண்ட மனிதர் மாதிரி வந்தார். அவர் தன்னிடம்தான் வருகிறார் என்று அலமாரிக்கு உடனே தெரிந்துவிட்டது. பள்ளியிலிருந்து காலேஜ், இந்தக் காலேஜிலிருந்து பெரிய காலேஜ்! மார்பை விரித்து, முக்காலியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினான்.

எதிரணிக் கோச் அந்தக் கைக்கு அடியில் குனிந்து, அம்மாவுக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"அக்கா, அடுத்த வருஷம் எங்க டீமுக்கு வந்துடுங்க. இவங்க குடுக்கறதுக்கு மேலயே தர்றோம். பையனையும் இவங்க எடுத்துக்கிட்ட மாதிரியே கொசுறா எடுத்துக்கறோம்."